தக்காளித் துலாபாரம்

என் மகளைத் தக்காளித் தராசில் எடை போட்டிருக்கிறேன். அவசரத்துக்கு ஒரு முறை அல்ல, ஆறேழு மாதம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். இதை என் மாமியாரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓசூரில் மாதம் ஒரு புதுத் தொழிற்சாலைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. என் கணவர் வேலை பார்த்த இடத்துக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருப்பு. அதன் வாசலில் ஒரு பெரிய புங்க மரம். மரத்தடியில் மூன்று கடைகள். வெறும் சாக்கு விரித்த கடைகள்தான். நடுவில் இருந்தது ராயக்கோட்டை அக்காவின் காய்கறிக்கடை. முதல் பஸ்ஸில் தக்காளிக் கூடைகளோடு வந்து இறங்குவார். முக்காட்டை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, புங்க மரக் கிளையில் சங்கிலி போட்டுத் தராசைத் தொங்கவிடுவார். மற்ற இரண்டு பேரிடமும் கைத்தராசு. அக்காவிடம் மட்டும் பெரிய தராசு, ஏனென்றால் கல்யாணமாகாத பையன்கள் தங்கியிருந்த மூன்று மெஸ்களுக்குப் பத்துக் கிலோ, பதினைந்து கிலோ என்று நிறுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த வளர்ச்சி அட்டையில் அவளுடைய புள்ளி பச்சைப் பட்டைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. "அடுத்த மாசம் பாப்போம்" என்றார் நர்ஸ். அடுத்த மாதம்! முப்பது நாள் எப்படிக் காத்திருப்பது? நான் தாவரவியல் படித்தவள். முளைக்கிறதா என்று பார்க்க விதையைத் தினம் தோண்டிப் பார்க்கக் கூடாது என்பது தெரியும். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை, அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா, இதுல பாப்பாவை ஒரு தடவை வெச்சுப் பாக்கலாமா?"

அக்கா என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "கத்தரிக்காய எடுத்துட்டு வெய்யி. முள்ளு குத்தும்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு மூங்கில் கூடையில் பழைய சேலையை மடித்துப் போட்டு அதில் மகளை உட்கார வைப்போம். கூடையின் எடைக்குச் சரியாக மறுதட்டில் ஒரு கருங்கல். பிறகு படிக்கற்கள். அவளோ ராஜாத்தி மாதிரி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆடுவாள். எடையை மட்டும் அக்கா வாயால் சொல்ல மாட்டார். கண் பட்டுவிடுமாம். "ரெண்டு பரங்கிக்காய், ஒரு சுரைக்காய்" என்பார். போன வாரத்தைவிடக் குறைந்திருந்தால் என் முகம் போகிற போக்கைப் பார்த்து, "காலையில வெளிய போயிருக்கும் கண்ணு, அதான். அது என்னா சுரைக்காயா, வெச்ச எடத்துல வெச்ச மாதிரி இருக்கறதுக்கு?" என்று சிரிப்பார். நான் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனதும் படிக்கற்களை நினைவில் கூட்டி, வளர்ச்சி அட்டையின் ஓரத்தில் பென்சிலால் அன்றைய எடையைக் குறித்து வைப்பேன். அக்காவுக்குத் தெரியாமல்தான்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு செயலாளர் இருந்தார். தொழிற்சாலையில் என் கணவருக்கு மேலே சூப்பர்வைசர். ஒரு மாலை வீட்டுக்கு வந்து காகிதம் ஒன்றை நீட்டினார். "உங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்னு சொன்னாங்க. இதை நல்லா ஒரு பிரதி எடுத்துக் குடுங்கம்மா. கார்பன் வெச்சு."

அது பேரூராட்சிக்கு ஒரு மனு. வாசலில் உள்ள மரத்தடிக் கடைகளை அகற்றக் கோரி. கடைக்காரர்கள் வெளியூர் ஆட்கள், எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாது, எடையில் மோசடி செய்கிறார்கள். இப்படிப் போனது.

என் கணவர் உள்ளே வந்து, "எழுதிக் குடுத்துடு. கையெழுத்தா போடப் போற?" என்றார். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எழுதுவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு. உட்கார்ந்து எழுதினேன். அதோடு நிறுத்தினேனா? "தொந்தரவாக உள்ளது" என்று இருந்ததை "பெரும் இடையூறாக உள்ளதென்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று திருத்தினேன்! பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கும் பழக்கம். எந்தத் தராசின் பேச்சை நம்பி என் குழந்தைக்குக் கூடுதலாக ஒரு வேளை கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேனோ, அந்தத் தராசு பொய் சொல்கிறது என்று மணிமணியாக எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாளில் பேரூராட்சி ஜீப் வந்தது. மூன்று தராசுகளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. அக்கா மற்ற இருவரோடு இரண்டு நாள் அலுவலக வாசலில் நின்று தராசை மீட்டு வந்தார். இடைப்பட்ட இரண்டு நாளும் தக்காளியைக் கூறு கட்டித்தான் விற்றார். மெஸ்காரர்கள் கூறு வாங்க மாட்டார்கள். ஒரு மெஸ் கையை விட்டுப் போயே விட்டது.

"இன்னொரு வாட்டி எடுத்தா திருப்பித் தர மாட்டாங்களாம். எடத்தையும் காலி பண்ணிடணுமாம்" என்றார் அக்கா. சிரிக்காமல் அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான். பிறகு மரத்தைக் காட்டினார். செயலாளர் மனுவின் கார்பன் பிரதியை மரத்தில் ஒட்டியிருந்தார். "நீ படிச்சவ. என்னா எழுதிக்கிறாங்கன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

என் எழுத்து. நீல நிறத்தில், கொஞ்சம் மங்கலாக, என் எழுத்து. மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் சொன்னேன். மோசடி என்ற இடத்தில் மட்டும் இருமல் வந்தது.

"நல்லா முத்து முத்தா எழுதிக்கிறாங்க, யாரோ" என்றார் அக்கா. "சரி, இன்னிக்கு வெள்ளிக்கிழமைதான? பாப்பாவ வெய்யி."

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. மகள் தராசில். மறுதட்டில் படிக்கற்கள். ஐந்து கிலோ, இரண்டு கிலோ, அரைக்கிலோ. முள் நேராக நிற்கப் போகிற நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. மீசை வைத்த பேரூராட்சிக்காரர் ஒருவர் இறங்கினார். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் கைத்தராசை மடியில் சுருட்டிக்கொண்டு வேலி தாண்டி ஓடிவிட்டார்கள். அக்காவின் தராசை மடியில் சுருட்ட முடியாது. மீசைக்காரர் நேராக வந்து சங்கிலியில் கை வைத்தார்.

"குழந்தைய எடும்மா."

எடுத்திருக்க வேண்டும். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற ஜாதி நான். கை நீளவும் நீண்டது. ஆனால் வாய் வேறு யாருடையதோ போல, "எடுக்க முடியாதுங்க. துலாபாரம்" என்றது.

அவர் சங்கிலியிலிருந்து கையை எடுத்தார். நெருப்பைத் தொட்டவர் போல எடுத்தார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"யாவ தேவரு?" என்றார். பிறகு எனக்காக, "எந்தச் சாமிக்கு?"

"மலைக்கோயில் சாமிக்கு."

"படிக்கல்லு வெச்சு யாராச்சும் துலாபாரம் பண்ணுவாங்களா?"

நான் முழித்தேன். அக்கா முழிக்கவில்லை. "இப்பத்தான சார் தட்டு சரியாருக்குதான்னு பாத்தோம். இனிமேதான் காணிக்கை" என்றபடி கருங்கல்லை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கற்களை எடுத்தார். மகள் இருந்த தட்டு தடாலென்று கீழே இறங்கியது. அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். அக்கா மறுதட்டில் தக்காளியை அள்ளி அள்ளிப் போட்டார்.

"தக்காளியா?" என்றார் மீசைக்காரர்.

"எங்க வீட்டு வழக்கம்" என்றேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை.

தக்காளி உருண்டது. நான் பொறுக்கினேன். மீசைக்காரரே இரண்டைப் பொறுக்கித் தந்தார். முள் நடுவுக்கு வந்தபோது, பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இரண்டு கையையும் தூக்கி, "கோவிந்தா! கோவிந்தா!" என்று கத்தினார். நான் சொன்னதோ சிவன் கோயில். மீசைக்காரர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரி, முடிஞ்சுதா? தராச எடுத்துக்கலாமா?"

"இன்னிக்கு முதல் நாள்" என்றேன்.

"மொத்தம் எத்தனை நாள்?"

"ஒரு மண்டலம்."

அவர் விரல் விட்டு ஏதோ எண்ணினார். "நாப்பத்தெட்டு நாளா?" கல் குத்தும் தரையில் கால் மாற்றி மாற்றி நின்றார். "வேண்டுதலை நடுவுல நான் நிறுத்த மாட்டேன். ஆனா தினம் காலைல ஒன்பதுக்குள்ள வருவேன். தட்டுல குழந்தை இல்லாத அன்னிக்குத் தராசு ஜீப்ல ஏறிடும். சரிதானா?"

"சரி" என்றேன். ஜீப் போன பிறகு அக்காவின் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெலுங்கு அக்கா விஷயம் தெரிந்து சிரித்தார். நான் சிரித்ததில் அழுகை எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா, சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேனே!"

அக்கா சட்டென்று நிறுத்தினார். "பொய்யா? வாய விட்டுச் சொல்லிட்ட இல்ல? அப்ப அது வேண்டுதல்தான். நாங்க நேர்ச்சைன்னு சொல்வோம். சொன்னா முடிக்கணும். நாப்பத்தெட்டு நாளும் புள்ளயக் கொண்டா."

நாற்பத்தெட்டு நாளும்! ஒரே குழந்தையைத் தினம் காலை ஏழு மணிக்கு மரத்தடியில் உட்கார வைத்தால், வளர்ச்சி அட்டையில் இருக்கிற புள்ளியும் காணாமல் போய்விடும். அன்று இரவு முழுக்கதையையும் கணவரிடம் சொன்னேன். சூப்பர்வைசரை நினைத்து அவர் முகம் வெளிறியது. "ஞாயித்துக்கிழமையுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து போய் வரைபடத் தாளும் அளவுகோலும் எடுத்து வந்தார். உலகத்தில் எதைத் தாங்கினாலும் திட்டமில்லாத வேலையை அவரால் தாங்க முடியாது.

"நம்ம லைன் வீடுகள்ல கைக்குழந்தை மொத்தம் எத்தனை?"

"ஒன்பது."

"அப்பன் முதல் ஷிப்டுன்னா அம்மா அஞ்சு மணிக்கே எழுந்துடுவா. அந்தக் குழந்தைங்க காலைல ஏழுலருந்து எட்டு. ஜெனரல் ஷிப்டு குழந்தைங்க எட்டுலருந்து ஒன்பது. நைட் ஷிப்டுக் குழந்தைய ரிசர்வ்ல வெய்யி. ஜீப் ஒன்பதுக்கு மேல வராதுல்ல?" கட்டம் கட்டமாக வரைந்து முடித்து என்னிடம் நீட்டும்போது, "பேரெல்லாம் நானே எழுதிட்டேன். உன் கையெழுத்து வேண்டாம். போதும்" என்றார்.

அந்த அட்டவணை எங்கள் சமையலறையில் தொங்கியது. பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். "எம்புள்ள இன்னிக்கு டியூட்டியா?" "ஐயோ, நேத்து ரெண்டு ஷிப்டு பாத்துட்டான், இன்னிக்கு ஆஃப் குடு." "ஓவர்டைம் உண்டா?" ஓவர்டைம் பார்த்த குழந்தைக்கு அக்கா ஒரு கேரட் கொடுப்பார். எல்லாப் பெண்களுக்கும் தங்கள் பிள்ளையின் எடை என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை உள்ளே இருந்திருக்கிறது. நான் மட்டும்தான் கவலைக்காரி என்று நினைத்திருந்தேன். மரத்தடியில் காலை ஏழு மணிக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒரே இரைச்சல். மீசைக்காரர் தினம் வருவார், செருப்பைக் கழற்றுவார், தட்டில் குழந்தை இருக்கிறதா என்று பார்ப்பார், கும்பிடுவார், போவார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு குழந்தை இருப்பதை அவர் கவனித்தாரா? எல்லாக் குழந்தையும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைத்தாரா? அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரே ஒரு நாள் தப்பிப்போகப் பார்த்தது. முந்தின நாள் எல்லோரையும் தடுப்பூசிக்கு அழைத்துப் போயிருந்தோம். மறுநாள் காலை ஒன்பது குழந்தைகளுக்கும் காய்ச்சல், ரிசர்வ் உட்பட. எட்டரை மணி. தட்டு காலி. தூரத்தில் ஜீப்பின் சத்தம். அக்கா ஒரு பரங்கிக்காயை எடுத்துச் சேலையில் சுற்றத் தொடங்கிவிட்டார். அப்போது வாசலில் செயலாளரின் மனைவி மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் அவருடைய பேரன். நாலு வயது, கையில் பாதி தின்ற முறுக்கு.

"தள்ளு தள்ளு, எங்க பையன வெய்யி!"

"அம்மா, உங்க வீட்டுக்காரர்..."

"அவரு கெடக்கறாரு. கொத்தமல்லி ஒரு கட்டு வேணும்னா மார்க்கெட்டுக்கு அவரா போறாரு? நாந்தான போவணும்?"

பேரன் ஏறியதும் கிளை முனகியது. கூடையில் இருந்த தக்காளி அத்தனையும் போட்டும் தட்டு எழும்பவில்லை. மீசைக்காரர் அன்று மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார். "குழந்தை நல்லா வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செயலாளர் சும்மா இருக்கவில்லை. முப்பத்தைந்தாம் நாளோ என்னவோ, மறுபடி புகார் போயிற்று. அக்காவைப் பேரூராட்சி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். கடையின் கதி அன்று முடிவாகும் என்று தெரிந்தது. நான் இரண்டு இரவு தூங்காமல் இன்னொரு மனு எழுதினேன். கடைகள் எங்களுக்குத் தேவை, அந்த அக்கா நேர்மையானவர், என் குழந்தையையே அந்தத் தராசில்தான் எடை போடுகிறேன் என்று. குடியிருப்பில் இருபத்து மூன்று பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை என் கையெழுத்து முதலில் இருந்தது.

செயல் அலுவலர் கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். மனுவை வாங்கிப் படித்தார். பிறகு கோப்பைப் புரட்டி வேறொரு தாளை எடுத்தார். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். மனு எழுதுகிறோம் என்கிற வேகத்தில் நான் எழுத்தை மாற்றக்கூட நினைக்கவில்லை! அதே வளைந்த ழ, அதே "பணிவுடன்".

"ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்கே?"

அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மகள் என் தோளில்.

"ஆமாம் சார். ரெண்டும் நான்தான் எழுதினேன்."

"இதுல எடையில மோசடின்னு இருக்கு. இதுல என் குழந்தையையே நம்பி வெச்சேன்னு இருக்கு. நான் எதைம்மா நம்பறது?"

"பின்னாடி எழுதினதை சார். முன்னாடி எழுதினது சொன்னதுக்காக எழுதினது."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

அத்தாட்சி என்று என்னிடம் எதுவுமில்லை. பையைத் துழாவினேன். பால் புட்டி, மாற்றுத் துணி, கிலுகிலுப்பை, வளர்ச்சி அட்டை. அட்டை! எடுத்து அவர் முன் விரித்தேன். நடுவில் ஆஸ்பத்திரி நர்ஸ் பேனாவில் போட்ட மாத எடைகள். ஓரத்தில் பென்சிலில் என் வெள்ளிக்கிழமைகள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளின் எடையையும் அதையொட்டிய வெள்ளிக்கிழமையின் எடையையும் அவர் விரல் வைத்துப் பார்த்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். எங்கும் ஐம்பது கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை.

"ஆஸ்பத்திரித் தராசைவிட இது சரியா இருக்கும் போலயே" என்று முனகினார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, வாரா வாரமா குழந்தைய எடை போடுவீங்க?"

"பயமா இருந்துது சார்."

அவர் சிரித்துவிட்டார். முதல் மனுவின் ஓரத்தில் நடவடிக்கை தேவையில்லை என்றும், இரண்டாவதன் ஓரத்தில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் மரத்தடியில் தொடரலாம் என்றும் எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தினார். அந்த முத்திரைச் சத்தத்துக்கு மகள் திடுக்கிட்டு விழித்து, மறுபடி தோளில் சாய்ந்தாள்.

வெளியே வந்ததும் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேருந்து நிலையம்வரை நடந்தோம்.

"அக்கா, அந்த முதல் மனு..."

"தெரியும் கண்ணு."

"எப்பலருந்து?"

"மரத்துல ஒட்டிக்கினு இருந்தத படிச்சுக் காட்டச் சொன்னனே, அன்னிக்கே. நீ எங்க காயிதத்தப் பாத்த? பாப்பா மூக்கத் தொடச்சிக்கினே கடகடன்னு ஒப்பிச்ச. எழுதுனவங்களுக்குத்தான அப்படி மனப்பாடமா வரும்?"

"தெரிஞ்சுமா பாப்பாவை வெய்யின்னு சொன்னீங்க?"

"பின்ன? நீ எழுதலைன்னா வேற எவனாச்சும் எழுதியிருப்பான். கையெழுத்துதான் கேவலமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. எடைய எழுதி வெச்சுக்கிற பாரு, அது தப்பு. கண்ணு படும். அழிச்சிடு." அழிக்கிறேன் என்று தலையாட்டினேன். அழிக்கவில்லை.

முத்திரை குத்திய காகிதம் வந்துவிட்டது, இனிக் குழந்தை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அக்கா ஒப்பவில்லை. நேர்ச்சை நேர்ச்சைதான். நாற்பத்தெட்டாம் நாள் என் மகளின் முறை. அவளுக்கு அதற்குள் எழுந்து நிற்கத் தெரிந்துவிட்டது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தட்டில் நின்று ஆடினாள். மேலே வந்த தக்காளியை எடுத்து எங்கள் மேல் எறிந்தாள். முள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. எடை என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. அந்தத் தக்காளியை மலைக்கோயிலுக்குக் கொண்டுபோனோம். தேங்காய், வெல்லம் என்று வாங்கிப் பழகிய குருக்கள் கூடையை இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மதியம் அன்னதானத்தில் தக்காளி ரசம் என்று கேள்விப்பட்டோம்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை நான் வேண்டுமென்றே வாசலுக்கு வந்து நின்றேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் கைத்தராசை மடியில் சுருட்டாமல் வெளியே வைத்திருந்தார்கள். அக்காவின் தட்டில் குழந்தை இல்லை. மெஸ் பையன் ஒருவனுக்குப் பத்துக் கிலோ தக்காளி ஏறிக்கொண்டிருந்தது. ஜீப் வந்தது. என்னதான் முத்திரை இருந்தாலும் நான் அக்காவின் பக்கமாக நகர்ந்து நின்றேன். மீசைக்காரர் இறங்கினார். தராசைப் பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார்.

வெறும் தராசு முன்னால் வெறுங்காலோடு நிற்கிறோம் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. சுற்றிலும் பார்த்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை, சத்தமாக.

"கத்தரிக்காய் அரைக்கிலோ" என்றார்.

அக்கா நிறுத்துப் போட்டு, முள் நேராக நின்ற பிறகும் ஒரு காய் கூட வைத்தார்.